மாமியாருக்கு நான் காட்டிய முதல் படம்

நாவல் படிக்கிறவர்களை நம்பி எதை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். வீட்டுச் சாவி, கைக்குழந்தை, ஊறுகாய் ஜாடி, எதையும். குடும்பத்தோடு போவதற்கு ஒரு சினிமாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. தனக்குப் பிடித்த நாவல் படமாக வந்திருக்கிறது என்று சொல்லும்போது அவர்கள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். அதைக் கண்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவது நல்லது. அந்த வெளிச்சத்தோடு ஓசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலைந்து திரிந்தவள் என்கிற முறையில் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது இது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஓசூரில் மின்சார சுவிட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்குக்கு அடியில் சுவிட்சை வைத்து, எங்கேயாவது மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. செல்வி கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். (இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். மறந்துவிட்டால் எனக்குத்தான் நல்லது.)

ஷிப்ட் முடிந்து விடுதிக்கு வந்ததும் மற்றப் பெண்கள் டிவி முன்னால் உட்காருவார்கள். நான் கட்டிலில் நாவலோடு உட்காருவேன். அப்படி ஒரு நாவல் என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பேரைச் சொல்லப் போவதில்லை, எழுதியவர் என்ன பாவம் செய்தார். ஒரு பெரிய வீடு, அதில் ஒரு மாமியார், புதிதாக வந்த ஒரு மருமகள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் மாமியார் காய்ச்சலில் படுக்கிறாள், ஒருநாள் காலை எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தைய அத்தியாயம், மருமகள் அடுப்படியில் நெடுநேரம் நின்றிருந்தாள் என்று முடியும். நான் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அழுவேன். வாய் திறந்து சொல்ல முடியாத அன்பை இதைவிட மென்மையாக யாராலும் எழுத முடியாது என்பது என் முடிவு. நான்கு தடவை படித்து எடுத்த முடிவு.

அறைத்தோழி புவனா சேலத்துக்காரி. ஒருநாள் தூக்கம் வராமல் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த மருமகள் நடவடிக்கை ஒன்றும் சரியில்லை என்றாள். இலக்கியம் புரியாத பெண் என்று அவளுக்காக நான் உள்ளுக்குள் வருத்தப்பட்டேன்.

இனி மஞ்சுநாத். அதே கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தார். சொந்த ஊர் தளிக்கு அப்பால், ஜவளகிரிக் காட்டை ஒட்டின ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். இரண்டு வருஷமாகப் பழகி, கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்திருந்தோம். என் அம்மா போனில் பிடிகொடுக்கவில்லை. "அவுக வீட்டுல சரின்னு சொல்லட்டும், பொறவு பாப்போம்" என்று நிறுத்திக்கொண்டாள்.

அவுக வீடு என்றால் அவருடைய அம்மா நாராயணம்மா. அப்பா முனியப்பா அஞ்சு ஏக்கர் கேழ்வரகு விவசாயம் பார்க்கிறவர், கிணற்றில் தண்ணீர் இறைக்கலாமா என்பதைக்கூட மனைவியைக் கேட்டுத்தான் செய்வார். ஆக, என் வாழ்க்கை அந்த அம்மாள் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஓசூருக்கு வந்தார்கள். கூடவே முனியப்பாவின் தங்கை ரத்தினம்மாவும்.

மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு. முனியப்பா மழையைப் பற்றிப் பேசினார். ரத்தினம்மா என் சம்பளம், என் அண்ணன் சம்பளம், எங்கள் ஊரில் தண்ணீர்க் கஷ்டம் எல்லாவற்றையும் விசாரித்தார். நாராயணம்மா எதுவுமே கேட்கவில்லை. நெற்றியில் பெரிய குங்குமம், கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். நான் சோற்றைப் பிசைவதையும் உருட்டுவதையும் விழுங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கால் மேஜைக்கு அடியில் தையல் மெஷின் ஓட்டுவது போல ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் டம்ளர் நடுங்குவதைப் பார்த்து முனியப்பா, லாரி ஏதாவது போகிறதா என்று வெளியே எட்டிப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்தும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும், தளிக்கு மேல் ரோட்டில் யானை நிற்கும் என்று முனியப்பா சொன்னார். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. வெயிலில் நிற்பதற்குப் பதில் ஒரு சினிமா பார்க்கலாம் என்றார் மஞ்சுநாத். பக்கத்தில் ஒரு தெலுங்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது. போஸ்டரில் கதாநாயகன் ஜீப்பின்மேல் நின்று சிரித்தான். எல்லாருக்கும் பிடித்திருக்கும். அந்தப் போஸ்டருக்குப் பக்கத்தில்தான் இன்னொரு போஸ்டர் இருந்தது. கறுப்பாக, ஒரு லாந்தர் மட்டும் எரிந்துகொண்டிருக்க, கீழே என் நாவலின் பெயர்.

என் கண்ணில் வெளிச்சம் வந்தது.

மஞ்சுநாத் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி இருக்குமா என்று கேட்டார்.

"மாமியார் மருமக கதை. உங்க அம்மாவுக்கு ரொம்பப் புடிக்கும், பாருங்க."

"நீ பாத்துட்டியா?"

"நாலு தடவ படிச்சிருக்கேன்."

பாவம், நம்பினார். டிக்கெட் கொடுக்கிறவர் எங்கள் ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்து, "பேமிலியா வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். (அந்த மனிதர் என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார் என்பது இப்போது புரிகிறது.)

உள்ளே நாற்காலிகள் பெரும்பாலும் காலி. நாராயணம்மாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். மனசைத் தொடும் இடங்களில் அவர் என் கையைப் பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று வலது கையைக் கைப்பிடிமேல் எடுத்து வைத்தேன்.

படம் தொடங்கியது. தொடங்கியது என்பதே சிறிது நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவ்வளவு இருட்டு. மெஷினில் பல்பு போய்விட்டது, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று முனியப்பா எழுந்தார். மஞ்சுநாத் அவரை உட்கார வைத்தார். மழை பெய்தது. யாரோ லாந்தரோடு நடந்தார்கள். யாரும் பேசவில்லை. ரத்தினம்மா கொட்டாவி விட்டார்.

பிறகு மாமியார் வந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம், கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். ரத்தினம்மா கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டு, வதினா (அண்ணி), அச்சு உன்னை மாதிரியே இருக்கிறாள் என்று தெலுங்கில் சொன்னார். அந்த அளவுக்குத் தெலுங்கு எனக்குப் புரியும்.

அந்த மாமியார் மருமகளைப் படுத்திய பாட்டை இங்கே எழுத முடியாது. நாவலில் அவள் அதிகம் பேசமாட்டாள், அவ்வளவுதான். டைரக்டருக்கு அது போதவில்லை போலிருக்கிறது. சோற்றுத் தட்டு பறந்தது, விறகுக்கட்டை பறந்தது, மருமகள் கொட்டும் மழையில் வெளியே நின்றாள். ஒவ்வொரு தடவையும் ரத்தினம்மா திரையைப் பார்ப்பார், வதினாவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். கைப்பிடியில் இருந்த என் கையை யாருக்கும் தெரியாமல் மடிக்கு இறக்கினேன்.

அதைவிட மோசம், மருமகள் இருட்டில் தனியாக நின்று சிரித்தாள். நாவலில் அவள் எங்கேயுமே சிரிக்க மாட்டாள், சத்தியமாகச் சொல்கிறேன். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கிறேன் என்று வெளியே போனேன். வாசலில் கடலை விற்கிறவர் என்னைப் பார்த்து, படம் முடிஞ்சுடுச்சா என்றார். திரும்பி வந்தேன், மருமகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவ வேண்டும் என்று மறுபடி போனேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன், தலைக்குமேல் எத்தனை மின்விசிறி ஓடவில்லை என்று பார்த்தேன். மூன்றாவது தடவை எழுந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், ஒன்று உட்காரும்மா, இல்லை போய்ச் சேரும்மா என்றார். உட்கார்ந்தேன்.

மருமகளின் முகத்தைப் பக்கத்தில் காட்டி இடைவேளை விட்டார்கள். விளக்குப் போட்டதும் எங்கள் வரிசையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நிலைமையைச் சரிக்கட்ட என்னிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் இருந்தது. விடுதிச் சமையல்கார அக்காவைக் கெஞ்சி, அதிகாலையில் எழுந்து நானே பிடித்த ரவா லட்டு. டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

ரத்தினம்மாவின் கை பாதி தூரம் வந்தது. வெறும் திரையை ஒரு தடவை பார்த்தார். கை திரும்பிப் போய்விட்டது. முனியப்பா வயிற்றைத் தடவிக்காட்டி, மத்தியானம் சாப்பிட்டதே இங்கே நிற்கிறது என்றார். நாராயணம்மா மட்டும் ஒன்றை எடுத்தார். எடுத்து, புடவை முந்தானையில் வைத்து முடிந்துகொண்டார்.

"அப்புறம்" என்றார்.

அன்றைக்கு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மஞ்சுநாத்தைத் திண்பண்டக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், பஸ், யானை, எனக்குத் தலைவலி, எதையாவது சொல்லி எல்லாரையும் கிளப்பச் சொன்னேன். அம்மா எழுந்தால்தான் மற்றவர்கள் எழுவார்கள் என்றார் அவர். அம்மா எழுவதாக இல்லை. விளக்கு அணையும் முன்பே திரையை நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

படம் மறுபடி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. அந்த நாட்களில் கரண்ட் போவது பெரிய விஷயமில்லை, தினமும் திட்டுவோம். அன்றைக்கு மட்டும் நான் மின்சார வாரியத்தை மனதாரக் கும்பிட்டேன். ஜெனரேட்டர் போடுகிற ஆளைக் காணோம் என்று யாரோ சத்தம் போட்டார்கள். அந்தக் கும்மிருட்டில் ரத்தினம்மாவின் குரல் வந்தது.

"ஏம்மா, நீ புஸ்தகம் படிச்சியாமே. இனிமே இன்னா ஆவுது?"

எனக்கு அப்போது வந்த தைரியம் அதற்கு முன்பும் வந்ததில்லை, அதற்குப் பிறகும் வந்ததில்லை. இனிமேல்தான் நல்ல கதையே என்று ஆரம்பித்தேன். மாமியாருக்குக் காய்ச்சல் வருகிறது. மருமகள் இராப்பகலாகக் கண்விழித்துக் கசாயம் வைத்துக் கொடுக்கிறாள். மாமியார் மனம் மாறி, தன் இடுப்புச் சாவிக்கொத்தைத் தானே எடுத்து அவளிடம் தருகிறாள். இருட்டில் யாரும் மறுத்துப் பேசாததால் எனக்கு வேகம் வந்துவிட்டது. வளைகாப்பு நடத்தினேன். மாமியார் மருமகளுக்குத் தன் கையால் வளையல் போட்டாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் எங்கள் பக்கம் திரும்பி, பையனா பொண்ணா என்று கேட்டார். பையன் என்றேன். ரத்தினம்மா பெருமூச்சு விட்டார், இப்பத்தான் மனசுக்கு நிம்மதி என்றார்.

ஜெனரேட்டர் உறுமியது. படம் வந்தது.

மாமியாருக்குக் காய்ச்சல் வந்திருந்தது. மருமகள் கசாயம் வைத்துக்கொண்டிருந்தாள். "சொன்ன மாதிரியே வருது பாரு" என்று ரத்தினம்மா என் முழங்காலில் தட்டினார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அப்போது மருமகள் எக்கி, கூரைச் சந்திலிருந்து ஒரு சின்னத் துணிமுடிச்சை எடுத்தாள். அவிழ்த்தாள். அரளி விதை.

முன்வரிசைக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அவள் அம்மியில் வைத்து அரைத்தாள். வேறு சத்தமே இல்லை, அம்மிச் சத்தம் மட்டும். அடுப்படியில் நெடுநேரம் நின்றிருந்தாள். அந்த வாக்கியம். நான் அழுத வாக்கியம். நான்கு தடவையும் அவள் துக்கம் தாங்காமல் நிற்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். இதற்காகவா நின்றாள்? பூதக்கண்ணாடி வைத்து விரிசல் பார்க்கிற என் இரண்டு கண்ணுக்கும் முன்னால், நான்கு தடவையும், இதையா செய்துகொண்டிருந்தாள்?

"அடிப்பாவி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தத் தியேட்டரில் அதிகமாக அதிர்ந்து போனவள் நான்தான். மற்றவர்கள் எல்லாரும் அதை எப்போதோ எதிர்பார்த்துவிட்டார்கள்.

முனியப்பா எழுந்துவிட்டார். பஸ் போய்விடும், யானை வந்துவிடும், படம் போதும் என்று தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். நாராயணம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கூர்ச்சோ" என்றார்.

முனியப்பா உட்கார்ந்தார். எனக்கும் அதுவரை ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. அதன் பிறகு மாமியார் கசாயத்தைக் குடித்ததையும், அவள் உயிர் நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல் பிரிந்ததையும், மருமகள் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டதையும் ஐந்து பேரும் அசையாமல் பார்த்தோம். விளக்குப் போட்டதும் மற்ற நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. பஸ் நிலையத்துக்கு நடந்தோம். ரத்தினம்மா வதினாவுக்கும் எனக்கும் நடுவில் புகுந்து, அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். தேன்கனிக்கோட்டையில் ஒரு பெண் இருக்கிறது, பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டது, கதைப் புத்தகம் எல்லாம் தொடாது என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. மஞ்சுநாத் பைக்கைத் தள்ளிக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி பின்னால் வந்தார். நான் மனசுக்குள் பெட்டி கட்டினேன். வேலையை விட்டுவிடுவது, சாத்தூர் போய்விடுவது, தீப்பெட்டி ஒட்டியாவது பிழைத்துக்கொள்வது. எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் ஒரு பூக்கடைக்கும் ஒரு பெட்டிக்கடைக்கும் நடுவில் இரண்டு மூன்று தடவை நடந்தேன்.

தளி பஸ் வந்து நின்றது. முனியப்பா ஏறி இடம் பிடித்தார். நாராயணம்மா படிக்கட்டில் ஒரு காலை வைத்தவர், இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"புஸ்தகத்துலயும் அவதான் கொல்றாளா?"

"புஸ்தகத்துல சொல்லலைங்க. அப்பிடியே விட்டுருப்பாக."

"நீ இன்னா நெனச்ச?"

என்னென்னவோ பொய்கள் நாக்கு நுனிவரை வந்தன. அதே நாளில் ஒரு வளைகாப்பே நடத்தியவள் நான். ஆனால் அந்தக் குங்குமத்துக்கு முன்னால் நின்றுகொண்டு எதையும் சொல்ல முடியவில்லை.

"காய்ச்சல்ல செத்துப் போயிட்டாகன்னு நெனச்சேன். அவ பாசமா இருந்தான்னு நெனச்சேன்."

"எத்தன தடவ படிச்ச?"

"நாலு."

"நாலு தடவயும் அப்பிடியேதான் நெனச்சியா?"

தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நாராயணம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அழப்போகிறாரோ என்று பயந்தேன், சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தபோது இன்னும் பயந்தேன். திரும்பி ரத்தினம்மாவிடம், எனக்கும் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ, தமிழிலேயே சொன்னார்.

"நாலு தடவ படிச்சும் அது கொலன்னு தெரில இதுக்கு. இது போயி யார இன்னா பண்ணிடும்? தை மாசத்துல வெச்சுக்கலாம்."

ரத்தினம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாராயணம்மா பஸ்ஸில் ஏறிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார், ரவா லட்டை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதியை முனியப்பாவிடம் கொடுத்தார். அவர் மென்று விழுங்கும் வரை கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் மறு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

பஸ் நகர்ந்தது. மஞ்சுநாத் பைக்கை ஸ்டாண்ட் போட மறந்து கையை விட, அது பூக்கடைக்காரம்மாவின் கூடைமேல் சாய்ந்தது. அந்த அம்மாள் திட்டியது முழுக்கக் கன்னடத்தில். எங்கள் இரண்டு பேர் காதிலும் அது வாழ்த்தாகத்தான் விழுந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. புத்தி மட்டு என்று மாமியாருக்குத் தெரிந்துபோன காரணத்தால் கல்யாணம் நிச்சயமான பெண் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை, அடிக்கடி இல்லை. ரத்தினம்மா அத்தை இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் புதியவர்களிடம் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: மாமியாரைக் கொல்வது எப்படி என்று பெண் பார்க்க வந்த இடத்திலேயே படம் போட்டுக் காட்டியவள். அவர் சொல்லச் சொல்ல அந்தத் தியேட்டரும் வளர்ந்துகொண்டே போகிறது. போன மாதம் ஒரு காதுகுத்தில் அவர் சொன்ன கணக்குப்படி, வளைகாப்புக் கதையைக் கேட்டு ஆயிரம் பேர் கைதட்டியிருக்கிறார்கள். உண்மையில் இருபது பேர் இருந்திருந்தால் அதிகம்.

எங்கள் வீட்டில் டிவியில் புதுப் படம் எது போட்டாலும், ரிமோட்டைக் கையில் எடுத்ததும் மாமனார் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்காமல் விட்டதில்லை. என் மகளுடைய பள்ளித் தோழிகள் வந்து உட்கார்ந்திருந்தாலும் சரி, கார்ட்டூன் படமாகவே இருந்தாலும் சரி.

"ஏம்மா செல்வி, இதுல கடைசி வரைக்கும் மாமியார் இருக்காங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள், நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும் என் மாமியார் பதில் சொல்லிவிடுவார்.

"இருக்கேன். நீ போடு."